ஆண் எது? பெண் எது?

(ஆத்தூரில் பேசியதின் சாரம்)

இன்று மணிப்புறாவையும் தவிட்டுப்புறாவையும் பற்றிப் பேசப் போகிறோம். இது என்ன பெரிய விஷயமென்று சிலர் நினைக்கலாம். ஆனால் நாம் இங்கு வரும் வழியில், குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் இவ்விரண்டும் மேய்வதைக் கண்ட ஒரு தோழர், "பெரியது ஆண், சிறியது பெண்" என்று சொன்னார். எப்படித் தெரியுமென்று கேட்டோம். "பெரியதாயிருந்தால் ஆண்தானே!" என்றார். இதுதானா ஆதாரம்?

அவை ஆணும் பெண்ணுமல்ல. வேறு வேறு இனங்களாகும். மணிப்புறாவின் நீளம் சுமார் 30 சென்டிமீட்டர். அதன் பின்கழுத்தில் கருப்புப் பட்டையும், பட்டையில் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். முதுகிலும் வெளிர்ப் புள்ளிகள் உண்டு. தவிட்டுப்புறா அதைவிடச் சிறியது. அதற்கு முதுகில் புள்ளியே கிடையாது. முன்கழுத்தில்தான் கருப்புப் புள்ளிகள். மணிப்புறா தோப்பையும் தண்ணீரையும் விரும்பும். தவிட்டுப்புறா வறண்ட முட்காட்டிலும் பிழைக்கும். வசிஷ்ட நதிக்கரைத் தோப்புகளும் கல்வராயன் மலையடி மேட்டு நிலங்களும் அடுத்தடுத்து இருப்பதால் ஆத்தூரில் இரண்டையும் பார்க்கிறோம்.

நிற்க, பெயரைக் கொண்டு தீர்மானிக்கலாமென்றால் அதுவும் முடியாது. விஞ்ஞானப் பெயரில் தவிட்டுப்புறாவுக்கு 1766-இல் செனகல் நாட்டின் பெயரும், மணிப்புறாவுக்கு 1786-இல் சீனாவின் பெயரும் வைக்கப்பட்டன. அதனால் நம்மூர்ப் புறா சீனாவிலிருந்து வந்ததாகிவிடுமா? 2001-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ இரண்டும் நெருங்கிய உறவு என்றே காட்டிற்று.

இனி, ஆண் பெண் விஷயத்திற்கு வருவோம். இரண்டு இனத்திலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முட்டைகளை இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன. அது மட்டுமா? குஞ்சுக்கு இரைப்பையில் ஊறும் பாலை ஆணும் ஊட்டுகிறது, பெண்ணும் ஊட்டுகிறது! அப்படியிருக்க, சிறியதும் அடங்கியதும் பெண்ணாகத்தான் இருக்குமென்று அந்தத் தோழர் எங்கே கற்றார்? வரப்பில் அல்ல, தோழர்களே! தம் வீட்டில் கற்றதைப் புறாவின் தலையில் ஏற்றிவிட்டார். வீட்டில் கற்றது சரிதானா என்பதையும் அவரே யோசிக்கட்டும்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். நாளைக் காலையில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவசரமும் வேண்டாம், மணிப்புறாக் குஞ்சுக்குக் கழுத்துப் பட்டை இராது. அதைக் கண்டு வேறு இனமென்று சொல்லிவிடாதீர்கள். முதுகையும் பாருங்கள், முன்கழுத்தையும் பாருங்கள். பார்த்த பிறகு முடிவு சொல்லுங்கள்.