ஓட்டர் ரசிகனா, நடுவனா?

(பொதுத் தேர்தலை முன்னிட்டு ஏனாத்தூரில் கூடிய வாலிபர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பொதுத் தேர்தல் நெருங்கிவிட்டது. தெருவெல்லாம் கொடி, திண்ணையெல்லாம் வாக்குவாதம். இந்தச் சமயத்தில் இவ்வூர்ப் பந்தாட்டக்கார வாலிபர்கள் தங்களுக்குள் நடந்த ஒரு தர்க்கத்தை நம்மிடம் சொல்லி, அதைப்பற்றியே பேசவேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறார்கள்.

தர்க்கம் இதுதான். ஒருவர் சொன்னாராம்: "நான் ஒரு கால்பந்து கிளப்புக்கு ரசிகன். அது பத்து வருஷம் தோற்றாலும் மாறமாட்டேன். அதுபோலவே எங்கள் தகப்பனார் காலந்தொட்டு ஒரே கட்சி, ஒரே சின்னம். மாறுவது துரோகம்." மற்றொருவர் சொன்னாராம்: "ஆட்டக்காரனே பணத்துக்குக் கிளப் மாறுகிறான். தலைவர்களும் கட்சி மாறுகிறார்கள். நான் மட்டும் ஏன் விசுவாசமாயிருக்க வேண்டும்? எவன் காசு கொடுக்கிறானோ அவனுக்குப் போடுவேன்." மூன்றாமவர் சொன்னாராம்: "எல்லாரும் ஒன்றுதான். நான் பூத்துக்கே போவதில்லை."

தோழர்களே! நாட்டில் இருக்கும் ஓட்டர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று பேருக்குள் அடங்கிவிடுவார்கள். ஆகவே இவர்களுக்குப் பதில் சொல்வது நாட்டுக்கே பதில் சொல்வதாகும்.

முதலில் ரசிகருடைய சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். பந்தாட்டத்தில் ஒரு கிளப்பின்மேல் பிரியம் வைப்பதற்குக் காரணம் வேண்டியதில்லை. 2022ம் வருஷத்து உலகக் கோப்பையின்போது மலையாள நாட்டில், கோழிக்கோடு ஜில்லா புல்லாவூரில், ஆற்றின் நடுவே 30 அடி உயரத்துக்கு மெஸ்ஸியின் உருவத்தை வைத்தார்கள். உடனே பிரேஸில் கட்சிக்காரர்கள் அதைவிட உயரமாக நெய்மாரை நிறுத்தினார்கள். அர்ஜெண்டினா எங்கே, புல்லாவூர் எங்கே? இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மெஸ்ஸி ஜெயித்தால் புல்லாவூரில் அரிசி விலை இறங்கப் போவதுமில்லை, நெய்மார் தோற்றால் பள்ளிக்கூடம் மூடப்போவதுமில்லை. அந்தக் கிளப் நம்மை ஆளுவதில்லை, நம்மிடம் வரி வாங்குவதில்லை. ஆகவே அங்கே கண்ணை மூடிக்கொண்டு பிரியம் வைக்கலாம். அது பொழுதுபோக்கு.

ஆனால் பொழுதுபோக்குக்கும் ஓர் எல்லையுண்டு. கல்கத்தாவில் மோகன் பகான் என்றும், ஈஸ்ட் பெங்கால் என்றும் இரண்டு பெரிய கிளப்புகள். மோகன் பகான் 1889ல் ஏற்பட்டது. 1911ல் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அணியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிப் பெயர் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 1920ல் ஏற்பட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவன் பெரும்பாலும் ஈஸ்ட் பெங்கால். மேற்கு வங்காளத்துக் குடும்பத்தில் பிறந்தவன் மோகன் பகான். அவன் ஜெயித்தால் வீட்டில் ஹில்ஸா மீன், இவன் ஜெயித்தால் இறால். எவனும் யோசித்துச் சேர்ந்ததில்லை, தொட்டிலிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இந்தத் தொட்டில் விசுவாசம் முற்றிப்போய் 1980 ஆகஸ்டு 16ந் தேதி ஈடன் தோட்ட மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் கலகமும் நெரிசலும் ஏற்பட்டு 16 பேர் செத்தார்கள். கோப்பை எந்த அலமாரிக்குப் போவது என்பதற்காக, பந்தைத் தொடாத 16 பேர் உயிர் போயிற்று!

அதே கல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் வேறொன்று நடந்தது. ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பயிற்சியிலிருந்த பெண் டாக்டர் கற்பழித்துக் கொலை செய்யப்பட்டாள். நாடு கொதித்தது. 18ந் தேதி நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பந்தோபஸ்து காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. அன்றைக்கு இரண்டு கிளப் ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும், மைதானத்துக்கு வெளியே ஒன்றாகக் கூடி, அவரவர் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டே, அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டார்கள். போலீஸ் தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். கொடியை ஒருவரும் கீழே போடவில்லை. ஆனால் கொடி அவர்கள் கண்ணை மறைக்கவில்லை. ஒரு கட்சியில் இருக்கவேண்டிய விதம் அதுதான் என்று நாம் சொல்லுகிறோம்.

இனி நம் கட்சி விசுவாசியைப் பார்ப்போம். பந்தாட்ட ரசிகனுக்கு உள்ள அறிவுகூட இவருக்கு இருப்பதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரசிகனைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஆட்டத்தில், எத்தனையாவது நிமிஷத்தில், எவன் கோல் போட்டான் என்று ஒப்பிப்பான். தன் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டால், "இவனை வெளியேற்று" என்று அவனே முதலில் கத்துவான். ஆனால் கட்சி விசுவாசியை, "உம்முடைய சட்டசபை மெம்பர் ஐந்து வருஷத்தில் எத்தனை கேள்வி கேட்டார்? எந்த மசோதாவுக்குக் கை தூக்கினார்? இந்த ஏரிக்கு மதகு போட்டாரா?" என்று கேட்டால் முழிக்கிறார். தலைவர் தப்பு செய்தாலோ, "அதில் ஏதோ ராஜதந்திரம் இருக்கும்" என்கிறார். பக்தன் சாமியைப்பற்றிச் சொல்லும் சமாதானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மழை பெய்தால் சாமி கொடுத்தது. பெய்யாவிட்டால் நாம் செய்த பாபம். சாமிமேல் மட்டும் குற்றமே வராது. கோயிலில் விட்டுவந்த பக்தியைக் கட்சி ஆபீசில் வைத்துக்கொள்ளுவதானால், கோயிலை விட்டு வந்து என்ன பிரயோஜனம்?

தோழர்களே! மூலமான தப்பு எங்கே இருக்கிறதென்றால், ஓட்டர் தன்னை மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டும் ரசிகன் என்று நினைத்துக்கொள்ளுவதில் இருக்கிறது. ஓட்டர் ரசிகன் அல்ல. அவன் நடுவன். விசில் அவன் வாயில் இருக்கிறது, அட்டை அவன் பையில் இருக்கிறது. ஆடுகிறவர்கள் கட்சிக்காரர்கள். ஒரு நடுவன், "எங்கள் தகப்பனார் காலந்தொட்டு நான் மோகன் பகான்" என்று சொல்லி, அந்த அணியின் சட்டையையே போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் நீங்கள் சும்மாயிருப்பீர்களா? எதிரி கையால் பந்தைத் தொட்டால் பெனால்டி, நம்மவன் தொட்டால் "பந்துதான் கையில் பட்டது, கை பந்தில் படவில்லை" என்றால் அதற்கு ஆட்டமென்றா பெயர்? எதிர்க்கட்சிக்காரன் வாங்கினால் லஞ்சம், நம் கட்சிக்காரன் வாங்கினால் நன்கொடை என்பதும் அதுவேதான்.

கணக்குக் கேட்பது இன்று நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. நம் ஜில்லாவிலேயே உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919லும் 921லும் வெட்டியவை, இருக்கின்றன. "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம்" என்று பெருமை பேசுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையில் பெயர் ஏற யோக்கியதை என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். வேத மந்திரம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. நாற்று நட்ட பெண் பெயர் குடத்தில் இல்லை. அதிர்ஷ்டத்துக்குக் கை விட்டு எடுப்பதைத் தேர்ந்தெடுப்பது என்றும் சொல்ல முடியாது.

ஆனாலும் அதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுக்கு நெருங்கிய உறவினர் பெயரும் ஓலையில் ஏறக்கூடாது என்பது அது. கணக்குக் காட்டாதவனை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் வாசற்படியிலேயே நிறுத்தினார்கள். இன்று நாம் அவனுக்கு மாலை போட்டு, அவன் மகனுக்கும் சேர்த்து மாலை போடுகிறோம்!

அந்தக் குடத்தில் பெயரில்லாத நமக்கு ஓட்டு எப்படி வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் 1920ல் நடந்த சட்டசபைத் தேர்தலில், சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. 1921ல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கும் ஓட்டு என்று தீர்மானித்தது. அதிலும் சொத்து வேண்டும். வயது வந்தவர்க்கெல்லாம் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத் தேர்தல் 1951-52ல்தான். வாலிபர்களுக்கு 21லிருந்து 18 வயதாகக் குறைத்தது 1989ல். ஆகவே நம் பாட்டன் பாட்டிக்கு எட்டாத பொருள் இது.

தாய்மார்களே! உங்களுக்கென்று ஒரு சங்கதி. அந்த முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, முக்கியமாக வடநாட்டில், லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் சொன்னார்கள். பெயர் சொல்லாதவர்க்கு ஓட்டில்லை என்று சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பூத்துக்குப் போகும்போது, "வீட்டுக்காரர் சொன்ன சின்னம்" என்று பொத்தானை அழுத்தினால், நீங்களும் இன்னார் மனைவியாகத்தான் ஓட்டுப் போடுகிறீர்கள். தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறவர் நீங்கள், சாராயத்தால் அடிபடுகிறவர் நீங்கள். பின் ஓட்டு மட்டும் ஏன் அவருடையது?

"கட்சி மாறுவது துரோகமல்லவா?" என்கிறார் முதலாமவர். சட்டத்தைக் கேளுங்கள். 1985ல் செய்த திருத்தத்தின்படி, சட்டசபை மெம்பர் தன் கட்சியை விட்டுவிட்டாலோ, கட்சியின் கட்டளையை மீறிச் சபையில் ஓட்டுப் போட்டாலோ அவர் பதவி போகக்கூடும். அவரைக் கட்சியோடு கட்டிப் போட்டிருக்கிறது. உங்களைக் கட்ட ஏதாவது சட்டம் இருக்கிறதா? கிடையாது. நேர்மாறாக, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எவனும் அறியாதபடி ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. மந்திரிக்கு இல்லாத சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. அதை நீங்களே கொண்டுபோய்ச் சின்னத்தின் காலடியில் வைத்தால் என்ன சொல்லுவது?

இரண்டாமவரே! தலைவர்கள் மாறுகிறார்கள் என்பது வாஸ்தவம். அதற்காக நீர் விலை போகவேண்டுமா? கணக்குப் போட்டுப் பாரும். ஓட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுவோம். ஐந்து வருஷத்துக்கு 1,826 நாள். நாளொன்றுக்கு 55 காசு வருகிறது! 55 காசுக்கு இன்று ஒரு வாய் டீ கிடைக்குமா? கொடுத்தவன் அதைப் பத்து மடங்காக ரோட்டில் எடுப்பான், ஆஸ்பத்திரி மருந்தில் எடுப்பான், உம் மகன் வேலைக்கு வரும்போது எடுப்பான். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, விசிலை விற்ற நடுவன் பிறகு ஊத முடியாது என்பதே பெரிய நஷ்டம்.

மூன்றாமவரே! எல்லாரும் ஒன்று என்கிறீர். நடுவன் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடாது. முரடன் இஷ்டப்படி நடக்கும். ஒருவருமே பிடிக்காவிட்டால் அதையும் பதிவு செய்ய 2013ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புப்படி தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொத்தான் ஒருவனையும் தோற்கடிப்பதில்லை. நின்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவனே ஜெயிக்கிறான். ஆகவே நல்லவன் இல்லாவிட்டால், இருப்பவர்களில் கேடு குறைந்தவன் எவன் என்று பார்ப்பதும் அறிவுதான். ரசிகனுக்கு இது அவமானமாயிருக்கும். நடுவனுக்கு இதில் அவமானமில்லை.

"அப்படியானால் கட்சியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்சி வேண்டும். தனியொருவன் கொள்கையை நடத்த முடியாது. பலர் கூடித்தான் நடத்த வேண்டும். கட்சியில் சேருங்கள், கொடி பிடியுங்கள், உழையுங்கள். ஒவ்வொரு தேர்தலிலும் மாற்றிப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்றும் நாம் சொல்லவில்லை. கணக்கு சரியாயிருந்தால் அவனுக்கே மறுபடியும் போடுங்கள். கொள்கைக்காகக் கட்சியே தவிர, கட்சிக்காகக் கொள்கை அல்ல. இதற்கு ஒரு பரீட்சை சொல்லுகிறோம். உங்கள் கட்சி ஒரு காரியம் செய்தால், "இதையே எதிர்க்கட்சி செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் நீங்கள் நடுவர். வேறு வேறு பதில் வந்தால் நீங்கள் இன்னும் ரசிகர்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் கிராமத்தில் அண்ணன் தம்பி பேசுவதில்லை. சேரிக்கும் ஊருக்கும் மறுபடி சுவர் எழும்புகிறது. ஒன்றாக ஆடிய வாலிபர்கள் ஒருவருக்கொருவர் பந்து கொடுப்பதில்லை. மேலே இருக்கும் தலைவர்கள் ஒரே கலியாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஓட்டு எண்ணியதும் அவர்கள் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். இந்த மைதானத்தில் இருக்கப்போகிறவர்கள் நீங்கள்தான். ஆகவே பந்தை எந்தக் கட்சிக்காரனுக்கும் கொடுங்கள். ஓட்டை மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் ஒன்றையும் நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.