கொட்டிலுக்குள் ஒரு குடியிருப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியிலே, சோளமும் சோயா அவரையும் விளையும் சமவெளிகளினூடே செல்வோர், வீடுகளைவிடப் பெரிய தகரக் கட்டடங்களை வழிநெடுகக் காண்பர். அவற்றுக்குப் பெரும்பாலும் சன்னல்கள் இல்லை; புகைபோக்கி இல்லை. உழவு இயந்திரம் நுழையத்தக்க பெருங்கதவு ஒன்று மட்டும் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்நாட்டார் இதனைப் 'போல் பார்ன்' என்பர். தமிழிலே தூண்கொட்டில் எனலாம். ஆயினும் அவற்றுட் சிலவற்றின் ஒரு மூலையிலே இரவில் விளக்கு எரிகின்றது, திரைச்சீலை தொங்குகின்றது. அங்கே மனிதர் குடியிருக்கின்றனர். இயந்திரத்துக்கும் கால்நடைக்குமென எழுப்பிய கூரையின் கீழ் மனிதன் படுத்துறங்குவதற்கு வேண்டுவன யாவை என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் இக்கொட்டில் தோன்றிய கதை. அமெரிக்கக் குடியானவனின் பழைய கொட்டில் பாரிய மரச்சட்டங்களால் இரண்டு தட்டாக அமைந்தது. கீழே குதிரைகளும் பசுக்களும். மேலே பரண் நிறைய உலர்ந்த புல். 1930ஆம் ஆண்டுகளிலே குதிரையின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டது. இயந்திரம் புல் தின்பதில்லை. அதற்கு வேண்டியது நடுவிலே தூணில்லாத அகன்ற தரையும் மழை படாத கூரையுமே. சென்ற் லூயிஸ் நகரிலே விவசாய ஆலோசனை நிலையம் நடத்திய ஹவார்ட் டோன் என்பவரும், அவரிடம் பணிபுரிந்த பெர்னன் பெர்க்கின்ஸ் என்பவரும் இத்தேவைக்கேற்ற கட்டட முறையைச் செம்மைப்படுத்தினர். பெர்க்கின்ஸின் முறைக்கு 1953ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

முறை மிக எளிது. சுற்றிவர அத்திவாரம் வெட்டுவதில்லை. எட்டடிக்கு ஒன்றாகக் குழி தோண்டி, அடியிலே கொங்கிறீற்று இட்டு, மருந்தூட்டிய மரத்தூண்களை நிறுத்துவர். தூண்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, தலைமேல் முக்கோணக் கூரைச்சட்டங்களை ஏற்றி, வெளியே நெளிதகடு அடித்தால் கொட்டில் முடிந்தது. குழியின் ஆழத்திலே மட்டும் சிக்கனம் கூடாது. மாரியிலே நிலம் உறையும்போது மண்ணிலுள்ள நீர் வீங்கித் தூணை மேலே தள்ளும். ஆதலால் உறையும் மட்டத்துக்குக் கீழே தூணின் அடி இருத்தல் வேண்டும். மினசோட்டா மாநிலத்தின் வடபாதியிலே அந்த ஆழம் 60 அங்குலம். தென்பாதியிலே 42 அங்குலம்.

இத்தகைய கொட்டிலை நாடி மக்கள் குடிவருவதற்குக் காரணங்கள் பல. புதிதாக நிலம் வாங்கிய இளந்தம்பதியர், வீட்டுக்கு வேண்டிய பணம் சேரும்வரை கொட்டிலின் ஒரு பக்கத்தை மறைத்துச் சில காலம் வாழலாமென எண்ணுவர். அச்சில காலம் பெரும்பாலும் பத்து ஆண்டாக நீள்வதுண்டு. தொழிலைப் பிள்ளையிடம் ஒப்படைத்த முதியவர், பட்டறையை விட்டுப் பிரிய மனமின்றி அதன் அருகிலேயே இரண்டு அறை கேட்பார். குதிரை வளர்ப்போர் குதிரையின் மூச்சுக் கேட்கும் தூரத்திலே உறங்க விரும்புவர். கொட்டிலும் வீடும் கலந்த இவ்வமைப்புக்கு 1989ஆம் ஆண்டிலே 'பார்ன்டொமினியம்' என்றொரு பெயரும் பிறந்தது. பெயர் புதிதேயன்றி வழக்கம் புதிதன்று. வட ஜெர்மனியின் பழைய பண்ணை வீடுகளிலே மாடும் மனிதரும் ஒரே நெடுங்கூரையின் கீழ் நூற்றாண்டுக்கணக்காக வாழ்ந்தனர். புகைபோக்கியின்றி எரிந்த அடுப்பின் புகை கூரையெங்கும் பரவிப் பன்றித் தொடையையும் தானியத்தையும் உலர்த்தியது. அப்புகையை மனிதரும் சுவாசித்தனர் என்பதை அவ்வீடுகளைப் புகழ்ந்துரைப்போர் சொல்வது குறைவு.

பல மாநிலங்களிலே விவசாயக் கட்டடத்துக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், அதிலே ஒருவர் படுக்கை விரித்த கணமே அந்த விலக்கு நீங்கி, அது வீடாகக் கருதப்படும். அனுமதிப் பத்திரம், பரிசோதகரின் வருகை, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே விட வேண்டிய தூரம், யாவும் அப்போது எழும். இவற்றை வீண் தொந்தரவென எண்ணி மறைவாகக் குடியேறுவோர் உளர். தீப்பிடித்த பின்னர், காப்புறுதிப் பத்திரத்திலே 'களஞ்சியம்' என்று எழுதப்பட்டிருந்த கட்டடத்துக்குள் எரிந்துபோன கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இழப்பீடு கேட்கும் நிலை அவர்களுக்கு வரலாம்.

குடிவந்தோர் முதற் குளிர்காலத்திலே கண்டு திகைப்பது, வானிலே மேகமில்லாதபோதும் கூரை ஒழுகுவதைத்தான். ஓட்டை எதுவும் இராது. நான்கு பேர் மூச்சுவிடுவதாலும், சமைப்பதாலும், குளிப்பதாலும், துணி உலர்த்துவதாலும் காற்றிலே நீராவி கலக்கின்றது. அந்த வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து உறைந்து கிடக்கும் தகட்டிலே பட்டவுடன் நீராகி, சொட்டுச் சொட்டாக விழுகின்றது. உழவு இயந்திரத்தின் மேல் விழுந்தால் கேடில்லை. சுவருக்குள் அடைத்த வெப்பங்காப்புப் பஞ்சிலே ஊறினால், பஞ்சு நனைந்து பயனிழக்கும். மரச்சட்டத்திலே பூஞ்சணம் படரும். இதற்குப் பரிகாரம், உள்ளேயிருக்கும் ஈரம் தகட்டை அடையாதபடி அறையின் பக்கமாகத் தடுத்தலும், சமையலறை, குளியலறைகளின் ஆவியை விசிறியால் வெளியேற்றுதலும், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே வெளிக்காற்று ஓட வழி விடுதலும் ஆகும். கட்டியபின் இவற்றைச் செய்வதற்கு ஆகும் செலவு, கட்டும்போது செய்வதற்கு ஆவதைவிடப் பன்மடங்கு.

ஈரமாவது கண்ணுக்குத் தெரியும். பக்கத்து அறையிலே நிற்கும் மோட்டார் வண்டியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குருதியிலே ஒட்சிசனை ஏந்திச் செல்லும் பொருளோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, சோர்வு, குமட்டல் என்று தொடங்கும். உறங்குபவருக்கோ இந்த எச்சரிக்கையும் கிடையாது. பெருங்கதவைத் திறந்துவைத்துத்தானே வண்டியை இயக்குகின்றோம் என்று பலர் துணிவு கொள்வர். குளிர்ந்த இயந்திரம் ஓரிரு நிமிடம் ஓடி வெளியேறினாலும், அது விட்ட வாயுவின் ஒரு பகுதி உள்ளே தங்கி, கதவு மூடியதும் சுவரிடுக்குகளினூடே வீட்டுப் பக்கம் நகரும். வெதுவெதுப்பான அறைகள் புகைபோக்கியைப் போல அடுத்த அறையின் காற்றை இழுப்பதே இதற்குக் காரணம்.

ஆதலின் பட்டறைக்கும் குடியிருப்புக்கும் இடையிலுள்ள சுவர்தான் இக்கட்டடத்தின் உயிர்நிலை. அமெரிக்காவிற் பெரும்பாலான மாநிலங்கள் தழுவியுள்ள குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, அச்சுவரின் கராஜ் பக்கத்தை அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடக் கோருகின்றது. கராஜுக்கு மேலே மனிதர் வாழும் அறை இருந்தால், கீழ்த்தட்டின் உட்கூரைக்கு எட்டில் ஐந்து அங்குலத் தடிப்பில், தீயைத் தாங்குமாறு தயாரித்த பலகை வேண்டும். கராஜிலிருந்து படுக்கையறைக்கு நேரே கதவு வைத்தல் அறவே கூடாது. பிற அறைக்கு வைக்கும் கதவும் கனமான பலகையாகவோ தீத்தாங்கும் வகையாகவோ இருத்தல் வேண்டும். அது தானாகவே மூடிக்கொள்வது நலம். தண்ணீர் சுடவைக்கும் வாயு அடுப்பைக் கராஜிலே வைத்தால், அதன் தீச்சுடர் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருத்தல் வேண்டும். பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்திய இடத்திலிருந்து தரையோடு தவழ்ந்தே செல்லும். படுக்கையறை தோறும் புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவியும், படுக்கையறைகளுக்கு வெளியே காபனோரொட்சைட்டை உணரும் கருவியும் வேண்டும். இவை விலை அதிகமில்லாத பொருள்கள்.

தீ எழுந்தபின் வெளியேறுவதற்கு வழி? கொட்டிலுக்குச் சன்னல் இல்லையென்று தொடக்கத்திலே கூறப்பட்டது. தகரத்துக்குள் மறைப்பு எழுப்பிக் கட்டிய படுக்கையறைக்கு ஒரே வாயில். அவ்வாயிலும் பட்டறையை நோக்கியதென்றால், அது அறையன்று, பொறி. விதித்தொகுப்பு படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறம் திறக்கும் வழியொன்றைக் கோருகின்றது. சன்னலாயின் திறந்த இடைவெளி பொதுவாக 5.7 சதுர அடி. அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையாமல், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். முதுகிலே காற்றுக் கலம் சுமந்த தீயணைப்பு வீரர் உள்ளே நுழைவதற்கும், சிறுவன் ஒருவன் ஏறி வெளியே குதிப்பதற்கும் ஏற்ற அளவு இது.

கூரை உயரமாயிருக்கின்றதே, பரண் போட்டு அதிலே படுக்கலாமே என்று எண்ணுவது இயல்பு. கொட்டிலின் தூண்கள் கூரையையும் அதன்மேல் விழும் வெண்பனியையும் சுமக்கவும், காற்றை எதிர்க்கவுமே கணக்கிடப்பட்டவை. வாழும் அறையின் தளமோ சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரம் தாங்க வேண்டும். படுக்கையறையாயின் 30 இறாத்தல். கூரைச்சட்டத்தின் கீழ்மரத்திலே பலகை அடித்துத் தளமாக்குவோர், அம்மரம் இழுவிசைக்காக அமைந்ததேயன்றிக் கட்டிலையும் மனிதரையும் சுமக்க அமைந்ததன்று என்பதை மறந்துவிடுகின்றனர். மாடி வேண்டுமாயின் அதற்கெனத் தனித் தூணும், தூணுக்குத் தனி அடித்தளமும் வேண்டும்.

தரையைப் பற்றியும் ஒரு சொல். கொங்கிறீற்று இடுமுன்னரே கழிவுநீர்க் குழாய்கள் எங்கே எழவேண்டுமென்று தீர்மானிக்காதவர், பின்னர் இறுகிய தரையை உடைக்க நேரிடும். குளிர்நாட்டிலே தரைக்கு அடியில் வெப்பங்காப்புப் பலகையும், தரைக்குள்ளே வெந்நீர் ஓடும் குழாயும் பதிப்பர். இக்கட்டடங்களுக்கு இதைவிட இனிய சூடு வேறில்லை. இன்று குடியிருக்கப் போவதில்லை என்போரும் குழாயை மட்டுமாவது பதித்துவைப்பது அறிவுடைமை.

பழைய கொட்டிலை வாங்கி மாற்றுவோர் மண்ணும் தூணும் சந்திக்கும் இடத்தை முதலிற் சோதிப்பர். ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் அவ்விடத்திலேதான் மரம் உளுத்துப்போகின்றது. கத்தி முனை எளிதிற் புகுந்தால் தூணின் காலம் முடிந்ததென்று கொள்ளலாம். முன்னாளிலே தூண்களுக்குக் கிரியசோட்டு எண்ணெயோ, செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் சேர்ந்த மருந்தோ ஊட்டினர். இப்பிந்தியதை வீட்டுப் பாவனை மரங்களில் ஏற்றுவது 2003ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலும் கைவிடப்பட்டது. பண்ணைத் தூண்களுக்கு அது பின்னரும் அனுமதிக்கப்பட்டதாதலால், கொட்டில் வாங்குவோர் எச்சரிக்கையாயிருத்தல் தகும். அத்தகைய பழந்தூணை அறுத்து அடுப்பிலே எரித்தால், புகையிலும் சாம்பலிலும் நஞ்சு சேரும். குழந்தையின் கை படும் இடத்திலே தூண் வெளித்தெரிந்தால், அதனைப் பலகையால் மூடிவிடுவர்.

அனுபவமுள்ள கட்டுநர்கள் பட்டறைக்கும் சமையலறைக்கும் இடையே சிறு கூடமொன்றை விடுகின்றனர். எண்ணெய் படிந்த காலணியைக் கழற்றவும், ஈர மேற்சட்டையைத் தொங்கவிடவும், கை கழுவவும் அவ்விடம் பயன்படுகின்றது. இரு பக்கமும் கதவுள்ள அந்த ஆறடி இடத்துக்கு வீட்டுப் பெண்கள் கேட்கும் காரணம் சேறு. கட்டுநர் கருதும் காரணம் வாயு. ஒரு கதவு மூடிய பின்னரே மறு கதவு திறக்கப்படுகின்றது.