வண்டி இழுக்குதுங்க

(கள்ளக்குறிச்சியில் இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் சித்தப்பா முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் இறக்குவது அவர் வேலை. ஒருநாள் ஓனரிடம், "பிரேக் மிதிச்சா வண்டி இடதுபக்கம் இழுக்குதுங்க" என்றார். "சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. மறுவாரம் மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது, "ஓட்டத் தெரியலன்னா சாவிய வெச்சிட்டுப் போ, ஆள் வரிசையில நிக்குது" என்றார் ஓனர்.

வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால் என்ன என்று லாரி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருபக்கச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது, மறுபக்கத்தில் பிடிக்கவில்லை. லைனிங் தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்டர் இறுகிப்போயிருக்கலாம். சமதளத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துச் சமாளித்துவிடலாம். மலையிறக்கத்தில் முடியாது. பிடிக்கிற சக்கரமே மொத்தச் சுமையையும் தாங்குகிறது. டிரம் சூடேறும், கருகல் வாசனை வரும், அப்புறம் அந்தப் பிரேக்கும் கைவிட்டுவிடும். இது அத்தனையும் டிரைவரின் காலுக்கும் மூக்குக்கும் முதலில் தெரிந்துவிடும். பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அன்று பிரேக் கைவிட்டதும் அவர் வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சுவரில் கொண்டுபோய் மோதினார். கிழங்கு மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்த சுமைக்காரர்கள் நான்கு பேரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். உயிர் பிழைத்தார்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

காவல் நிலையத்தில் முதல் கேள்வி: "குடிச்சிருந்தியா?" இரண்டாவது கேள்வி: "எந்த ஊரு? ஊரா, காலனியா?" பிரேக்கைப் பற்றி மூன்றாவது கேள்வி வரும் என்று சித்தப்பா காத்திருந்தார். வரவே இல்லை. வழக்கு அவர் பெயரில் மட்டும் பதிவானது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்தான குறைபாடுள்ள வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிதான் என்கிறது அது. குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி, சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கும் என்றாலும் சரி. சட்டம் ஓனரையும் பார்க்கிறது. ஆனால் ஓனருக்குத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்? மூன்று முறை வாயால் சொன்ன சொல். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

தவறு முழுவதையும் செத்தவன் தலையிலோ அடிபட்டவன் தலையிலோ போடுவது இங்கே புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரும்பாலானோர் தலித்துகள். "குடிச்சான், செத்தான்" என்று எத்தனை பேர் பேசினார்கள்! காய்ச்சியவன், விற்றவன், கண்டுகொள்ளாமல் இருந்தவன் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போனார்கள். லாரி கவிழ்ந்தால் "தூங்கிட்டான்" என்பதும் அதே வரிதான்.

சாலையின் குறையையும் வண்டியின் குறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேலம் – உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழியில் பல ஆண்டுகள் இருவழியாகச் சுருங்கிக் கிடந்தது. அதை முதலில் சொன்னவர்கள் லாரி டிரைவர்கள். ஆனால் அந்தச் சாலையில் காரில் போகிறவர்களும் செத்தார்கள். அதனால் செய்தி வந்தது, கோரிக்கை எழுந்தது, அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. பிரேக் லைனிங் தேய்ந்தது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு மட்டும் தெரிந்த உண்மை யாருக்கும் தெரியாத உண்மையாகவே இருந்துவிடுகிறது.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு மாடல் வண்டியில் குறைபாடு இருந்தால் அதைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு அரசு உத்தரவிடலாம். நல்ல பிரிவு. குறையை யார் சொல்ல வேண்டும்? குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள், அல்லது சோதனை நிறுவனம், அல்லது "வேறு ஏதேனும் மூலம்". மாதம் இருபத்தைந்து நாள் அந்த வண்டியிலேயே உண்டு உறங்குகிற மனிதர் அந்த "வேறு ஏதேனும்" என்பதற்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறார்.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஒரு நாளுக்காக நல்ல டயர் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றிக் கொடுக்கிற கதையை எந்த டிரைவரிடம் கேட்டாலும் சொல்வார்.

போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உடனடி ஆபத்து இருப்பதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக அதில் தொழிலாளிக்கு உரிமை கிடைத்தது. லாரி என்பது சுவரில்லாத தொழிற்சாலைதான். ஆனால் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொகுப்புச் சட்டம் அதைப் பத்துப் பேர் ஆக்கியிருக்கிறது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் என் சித்தப்பா முன்பும் வெளியே, இப்போது இன்னும் தூரத்தில். தண்டனை மட்டும் பக்கத்தில் வந்திருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு என்றிருந்தது நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டாகிவிட்டது. நிற்காமல் போனால் பத்து ஆண்டு என்ற அடுத்த உட்பிரிவு, 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதால்தான் நடைமுறைக்கு வராமல் நின்றது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழிலாளிகளையே மேலும் கீழுமாக அடுக்கி வைத்தது என்று அம்பேத்கர் காட்டினார். அந்த அடுக்கில் கீழே இருப்பவரின் கை வேண்டும், கால் வேண்டும், அவர் அறிவு வேண்டாம். நிலத்தை வைத்து லாரி வாங்கியவர் யார், நிலமே இல்லாததால் ஸ்டீயரிங் பிடித்தவர் யார், மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவர் யார் என்று நம் மாவட்டத்தில் எண்ணிப் பாருங்கள். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி முடிந்ததே 1976இல்தான். அந்த மலைப்பிள்ளைக்குப் பேருந்து இல்லாததால் கிழங்கு லாரி. லாரியில் ஏறியதற்கு அபராதமும் அவனுக்கே.

அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. வண்டியில் குறை கண்டால் டிரைவர் அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். சரிசெய்துவிட்டதாகக் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து ஓட்டப்போகிற டிரைவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். நம் ரயில்களிலும் லோகோ பைலட் பழுதை எழுதி வைக்கப் பதிவேடு உண்டு. லாரிக்கு ஏன் இல்லை? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். மகிழ்ச்சிதான், அந்த அனலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் ஒரு ஏ.சி.யின் விலையோடு பார்த்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பெரிய செலவில்லை. அதில் எழுதியதற்காக வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று ஒரு வரி சட்டமும் வேண்டும். அந்த வரிக்குத்தான் செலவு அதிகம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் டிரைவர் இருப்பார். சித்தப்பாவுக்கு நான் செய்தது ஒன்றுதான். என்ன குறை என்றாலும் வண்டி எண்ணைச் சொல்லி ஓனருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். அதில் தேதியும் நேரமும் தானாக விழும். இப்போது வேறு ஓனர், வேறு வண்டி. போன மாதம், "பின்பட்டை ஒண்ணு ஒடைஞ்சிருக்குங்க" என்று அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது. எழுத்தில் பதில் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து ஓனர் போனில் கூப்பிட்டுத் திட்டினார். மறுநாள் காலை பட்டை மாற்ற வண்டி பட்டறைக்குப் போனது.