ஆளில்லா வகுப்பும் ஆள்மாற்று ஆசிரியரும்



பள்ளியில் ஆசிரியர் போதவில்லை என்று நம் பாட்டன்மாரும் சொன்னார்கள். அவர்கள் அதை ஒரு குறையாகச் சொன்னார்கள்; அதனால் ஊர்கூடி மனு எழுதினார்கள், அலுவலகத்துக்கு நடந்தார்கள். நாமோ அதனை மழையில்லாக் கோடைபோல் இயற்கையென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். இந்த மனமாற்றத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளிக்கு ஒரு வரையறை வகுத்திருக்கிறது. அறுபது குழந்தைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும். முப்பது பேருக்கு ஒருவர் என்பது கேட்பதற்கு இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கப்பள்ளியில் வகுப்புகள் ஐந்து அல்லவா? ஐந்து வகுப்புக்கு ஆசிரியர் இருவர். அவ்விருவருள் ஒருவர் தலைமையாசிரியர். அவர் பதிவேடு எழுத வேண்டும், உணவுக் கணக்குப் பார்க்க வேண்டும், கேட்ட புள்ளிகளையெல்லாம் கேட்ட அன்றே அனுப்ப வேண்டும். மற்றவர் பயிற்சிக்குப் போனால், அல்லது வாக்காளர் பட்டியல் வேலைக்கு அழைக்கப்பட்டால், ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள் வந்துவிடும். கரும்பலகையின் ஒரு பாதியில் 'அ'னாவும் 'ஆ'வன்னாவும், மறுபாதியில் ஐந்தாம் வகுப்பின் நெடுவகுத்தலும் இருக்கும். நடுவில் மூன்று வகுப்புகள் வாய்பொத்திக் கிடக்கும். வாய்பொத்திக் கிடந்தால் நல்ல பள்ளி என்று நாமும் சான்று தருகிறோம்!

அப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். இல்லை என்றே விடை வரும். ஒவ்வோராண்டும் ஆகசுட்டு முதல் நாளில் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் இருக்கும் ஆசிரியரும் 'மிகை'யென்று பெயர்பெற்று வேறூருக்குப் போவார். ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் குறைவர்; பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். இச்செக்கு இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியருக்கு மாற்றாள் வைப்பது தமிழர்க்குப் புதிதா என்று யாரேனும் கேட்கலாம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தானே! இருந்தான். அவன் கதை கடல் கடந்தும் போயிற்று. இசுக்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரு பெல் என்னும் சமயகுரு, சென்னை எழும்பூரில் படைவீரரின் ஏதிலிச் சிறுவர்க்கான விடுதிப்பள்ளியை 1789 முதல் நடத்தினார். நம்மூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு அகவைச் சிறுவன் ஒருவனை அந்த வகுப்புக்கு அமர்த்தினார். அது பயன் தந்தது. 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. செலவு குறைவு, ஓராசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள்! ஆனால் ஆங்கிலேயர் அதிலேயே நின்றுவிடவில்லை. 1846இல் வளர்ந்த மாணவர்க்கு உதவித்தொகை தந்து, முறையாகப் பழக்கி, பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பி ஆசிரியராக்கும் வேறு முறைக்கு மாறினார்கள். பிள்ளையைக் கொண்டு பிள்ளையை நடத்துவது தட்டுப்பாட்டுக் காலத்து ஊன்றுகோல் என்பதை அவர்கள் அரை நூற்றாண்டுக்குள் அறிந்துகொண்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை கற்பித்தபோது, ஆசிரியர் அங்கேயே அமர்ந்திருந்தார். அவர் கண் அவன்மேல் இருந்தது. இன்று சட்டாம்பிள்ளை மட்டும் இருக்கிறான்.

நம் காலத்து மாற்றாள்களுக்கு எத்தனை பெயர்கள்! இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுப்பூதிய ஆசிரியர் வந்தனர். 2006 சூன் முதல் நாளிலிருந்துதான் அவர்கள் முறையான ஊதியத்துக்கு வந்தார்கள். 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் வந்தனர். கிழமைக்கு மூன்று அரைநாள். திங்களுக்கு ஐயாயிரம் உருபா. அது பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்ந்து 2021இல் பத்தாயிரமானது. மே திங்களில் பள்ளி இல்லை, ஆகவே ஊதியமும் இல்லை என்றார்கள். மே திங்களில் பசியும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா? 2021இல் இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர் வந்தார்கள். திங்களுக்கு ஆயிரம் உருபா. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 இடைக்கால ஆசிரியரை அமர்த்த ஆணை வந்தது. தொடக்கத்தில் அறிவித்த ஊதியம் இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டம் பெற்றவர்க்கு 10,000, முதுகலை படித்தவர்க்கு 12,000.

இப்பணிக்கு வந்த இளைஞரையும் நங்கையரையும் நான் குறை கூறமாட்டேன். அவர்களிற் பலர் நிலையான ஆசிரியரைவிட ஆர்வத்தோடு உழைக்கிறார்கள். ஆயின், அடுத்த ஆண்டு தாம் இருப்போமா என்றறியாதவர் ஒரு குழந்தையின் மூன்றாண்டு வளர்ச்சியை எப்படி எண்ணித் திட்டமிடுவார்? அவரை நம்பி ஒரு குழந்தை எப்படி மனந்திறக்கும்? தகுதித்தேர்வு முதன்முதல் நடந்த 2012இல் எழுதியோருள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பின்னர் வந்த தேர்வுகளில் தேறியோரையும் 2018இல் இன்னொரு போட்டித்தேர்வு எழுதச் சொன்னார்கள். படித்துத் தகுதி பெற்றவர் வீட்டில் காத்திருக்கிறார். பள்ளியில் நாற்காலி காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாற்றாள் நிற்கிறார்.

இனி நம் நெஞ்சைச் சுடும் இடத்துக்கு வருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் வரவில்லையென்றால் காலையில் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு தாள் வரும். இன்ன வகுப்புக்கு இன்ன பாடவேளையில் இன்னார் போகவேண்டும் என்று எழுதியிருக்கும். கணக்கு வகுப்புக்குத் தமிழாசிரியர் போவார். 'வீட்டுக்கணக்கை எழுதிக்கொண்டிருங்கள்' என்பார்; வேறென்ன சொல்வார்? அது ஒருநாட் செய்தி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழாசிரியர் பணியிடமே காலியானால் என்ன நடக்கிறது? கணக்குக்கு ஆளில்லையென்றால் பெற்றோர் வாயிலில் வந்து நிற்பார்கள். ஆங்கிலத்துக்கு ஆளில்லையென்றால் அலறுவார்கள். தமிழுக்கு ஆளில்லையென்றால், 'தமிழ்தானே, யாராவது நடத்திக்கொள்ளலாம்' என்கிறார்கள். குமுகாயவியல் ஆசிரியர் நடத்துவார். உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். முன்வரிசைப் பிள்ளை உரைநூலைப் பார்த்துப் படிக்க மற்றவர் எழுதிக்கொள்வர். யாப்பும் புணர்ச்சியும் யாராலும் நடத்தக்கூடியவையா? குற்றியலுகரத்தைக் காதால் கேட்டுக் காட்ட வேண்டாமா? தாய்மொழி என்பதாலேயே அது கற்பிக்க வேண்டாத மொழியாகிவிட்டது!

மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். கல்லூரிக் கல்வியில் தமிழை விருப்பப்பாடமாக்கியபோது அவர் அப்பணியை விட்டு வெளியேறினார். பாடம் தளர்ந்தால் ஆசிரியர் தளர்வார் என்பதை நம் இயக்கத்தின் தொடக்கமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயமாயிற்று. நன்று, பாராட்டுகிறோம். ஆனால் சட்டத்தால் பாடவேளையை உண்டாக்கலாம். அப்பாடவேளையில் வகுப்புக்குள் நுழைவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

இதற்கு நடுவில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. அவற்றுக்குப் பெரும்பாலும் தனி ஆசிரியர் தரப்படவில்லை. ஏற்கெனவே தமிழ்வழியில் கற்பித்தவரே இரண்டையும் தாங்க நேர்ந்தது. சிறு பள்ளிகளில் இரு பிரிவும் ஒரே அறையில் அமர்ந்தன. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். பிள்ளை ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்கிறது. இதற்கு எந்த வழியென்று பெயரிடுவது?

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் ஒப்புக் கூறினார். ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் சொன்ன ஒப்புகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்ப்பது ஒருவர் தோட்டத்தில், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். அவர் ஆசிரியரைச் சொன்னார். நான் அரசின் பணப்பையைச் சொல்கிறேன். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்களுக்கான கட்டணத்தை அரசு தருகிறது. ஏழைப் பிள்ளை படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆயினும் அரசே தன் பள்ளியைவிடத் தனியார் பள்ளி மேலென்று ஊரறியச் சொல்வதுபோல் அது ஆகிவிட்டது. பெற்றோர் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆசிரியர்களே தம் பிள்ளைகளை வேறு வாயிலுக்கு அனுப்புவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் தமிழ்வழி பேசிவிட்டு இல்லத்தில் ஆங்கில வழிக்குச் சீருடை தைப்பவர் இவ்வவையில் இருந்தால், அவர் என்மேல் சினங்கொள்ளட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

'இக்காலப் பிள்ளைகள் ஆசிரியரை மதிப்பதில்லை' என்று நம்மவர் வருந்துகிறார்கள். பிரம்பு போனதே அதற்குக் கரணியம் என்கிறார்கள். 2009 சட்டம் அடிப்பதைத் தடுத்தது, தடுத்தது முறைதான். பிரம்புக்கு அஞ்சியது மதிப்பாகுமா? ஓராண்டில் மூன்று ஆசிரியர் மாறிப்போன வகுப்பில், எவர் பெயரையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. வருகிறவர்க்கும் பிள்ளையின் பெயர் தெரியாது. பெயரறியாத இருவர் ஒருவரையொருவர் எப்படி மதிப்பார்கள்?

பணம் இல்லை என்பார்கள். 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி உருபாவை, வேறொரு திட்ட உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லையென்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பட்டதும் அத்தகைய ஒன்றியத் திட்டத்தின்கீழ்த்தான். எனவேதான் சொல்கிறேன்: திட்டப்பணத்தில் ஆசிரியரை அமர்த்தாதீர்கள். கட்டடத்துக்குத் திட்டப்பணம் இருக்கட்டும். ஆசிரியர் ஊதியம் மாநிலத்தின் சொந்த வரவுசெலவில், நிலையான தலைப்பில் நிற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்கள். பல ஊர்களில் அவர்கள் கையெழுத்திட மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். நம் அன்பர்களிற் பிள்ளைகளை அங்குப் படிக்கவைப்போர் அக்குழுவில் அமருங்கள். எந்தப் பணியிடம் எத்தனை திங்களாகக் காலி, மாற்றாளாக வந்தவர் எந்தப் பாடம் படித்தவர், தமிழ்ப் பாடவேளைகளில் எத்தனை தமிழாசிரியராலேயே நடத்தப்பட்டன என்னும் மூன்றையும் கேட்டு, விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே மறைந்துவிடும். எழுதிய தாளின் படியொன்றை வட்டாரக் கல்வி அலுவலர்க்கும், இன்னொன்றைச் சட்டமன்ற உறுப்பினர்க்கும் அனுப்பி, மூன்றாவதை நம் இதழுக்கு அனுப்பிவையுங்கள்.