முதற் சம்பளமும் மனநிறைவும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



மருத்துவத் துறை பற்றிப் பேசும்படிதான் என்னை அழைத்திருந்தார்கள். ஆனால் சில மாதங்களாக என் மனதில் நிற்பது விமானத் துறை பற்றிய ஒரு கேள்வி. அதையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கனடாவில் வாழும் என் அக்காவும் இக்கல்லூரியின் பழைய மாணவிதான். அவரது மகள் விமானியாக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பயிற்சிக்குப் பெருந்தொகை வேண்டும். பயிற்சி முடிந்ததும் பெரிய விமானத்தில் ஏறி அமரவும் முடியாது. பறப்புப் பயிற்றுநராகவோ, வட பகுதிகளில் சிறு விமானங்களிலோ குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்து பறப்பு மணித்தியாலங்களைச் சேர்க்க வேண்டும். “நீ சொன்னால் அவள் கேப்பாள், மனதை மாத்து” என்றார் அக்கா. மகளோ என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “சித்தி, நீங்கள் சம்பளத்தைப் பாத்தோ டொக்டருக்குப் படிச்சனீங்கள்?”

“இல்லை” என்று உடனே சொல்லிவிட்டேன். அது முழு உண்மையா என்று பிறகுதான் யோசித்தேன்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் என் கையில் வந்த பணம் சொற்பம்தான். ஆனால் என்னைப் படிப்பிக்க என் பெற்றோர் வீட்டை ஈடு வைக்கவில்லை. இலவசக் கல்வி என்னைச் சுமந்தது. கடனில்லாமல் தொடங்கியவளுக்கு மனநிறைவைப் பற்றிப் பேசுவது எளிது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அக்காலத்தில், ஒன்றரை நாள் தொடர்ந்து கடமையில் நின்ற ஒரு விடியற்காலையில், ஒரு குழந்தையின் மருந்தளவில் தசமப்புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டேன். “டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ” என்று ஒரு தாதி காட்டியதால் அக்குழந்தை தப்பியது. அன்றும் நான் என் தொழிலை நேசித்தேன். அந்த நேசம் என் நித்திரையைப் போக்கவில்லை.

விமானத் துறையிலும் இதுவே கதை. 2009 ஜனவரி 15 இல் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி, அதிலிருந்த 155 பேரும் உயிர்தப்பக் காரணமாயிருந்தவர் கப்டன் சலன்பேர்கர். அடுத்த மாதம் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் முன் தோன்றி, தமது சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் சொன்னார். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதை விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன், பெப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே ஒரு பிராந்திய விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். துணை விமானி 24 வயதுப் பெண். நாட்டின் மறுகரையில் பெற்றோருடன் வசித்த அவர், முதல்நாள் இரவு முழுவதும் வேறு விமானங்களில் பயணித்தே கடமைக்கு வந்திருந்தார். அந்நாட்களில் அத்தகைய பல நிறுவனங்களில் முதலாண்டுத் துணை விமானியின் சம்பளம் ஆண்டுக்கு 20,000 டொலர் அளவில்தான் இருந்தது. வேலைத் தளத்துக்கு அருகே வாடகை கொடுத்துத் தங்க அது போதாது. விபத்துக்குக் காரணம் கப்டனின் தவறான கையாளல் என்று விசாரணை முடிவு செய்தது. களைப்பும் விமானிகளைப் பாதித்திருக்கக்கூடும், அதன் அளவைத்தான் வரையறுக்க முடியவில்லை என்றது.

இறந்தோரின் குடும்பத்தினர் ஓயாது போராடினர். 2010 இல் சட்டம் வந்தது. 2014 முதல் கடமைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு கட்டாயமாயிற்று. விமானிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு, 2022 இல் பல பிராந்திய நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தின. பறப்பதில் விமானிகளுக்கு இருந்த ஆசை 2009 இலும் குறைவாக இருக்கவில்லை. ஆசைக்காக எவரும் சம்பளத்தைக் கூட்டவில்லை.

ஆகவே மகளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதற் சம்பளம் குறைவு என்பதற்காக ஒரு தொழிலைக் கைவிடாதீர்கள். ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அந்தக் குறைந்த சம்பளம் எத்தனை ஆண்டுகளுக்கு? அதுவரை கடனைக் கட்டப்போவது யார்? அந்தச் சம்பளத்தில் ஒழுங்காக உண்டு, உறங்கி, வேலைக்குப் போக முடியுமா? மூன்றாவதற்கு விடை “இல்லை” என்றால், அது உங்களோடு மட்டும் முடிகிற தியாகமல்ல. உங்களை நம்பி ஏறுகிறவர்களையும் தொடும்.

வைத்தியராக ஒரு புத்திமதி. பணம் கட்டுவதற்கு முன் விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு இருப்பது பலருக்கு அதுவரை தெரியாது. விமானியாக முடியாவிட்டாலும் விமானப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று அத்துறையில் வேறு வழிகளும் உண்டு.

மகள் பரிசோதனையில் சித்தியடைந்துவிட்டாள். அக்காவுக்கு இன்னும் முழு மனம் இல்லை. ஆனாலும் தாயும் மகளும் ஒரே மேசையில் கொப்பியும் பேனையுமாக இருந்து கணக்குப் பார்க்கிறார்கள் என்று அறிகிறேன். இக்கல்லூரி எமக்குக் கணிதம் கற்பித்தது பரீட்சைக்காக மட்டுமல்லவே!