'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்றால் எது?



இருபது வருஷமாக வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன். "ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்றால் என்ன?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்: என்கேப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம். பாலகுருசாமி புத்தகத்தின் பட்டியலில் கடைசியாக 'மெசேஜ் பாஸிங்' இருக்கும். அதைப் பாதிப் பேர் விட்டுவிடுவாங்க.

வேடிக்கை என்னன்னா, 1967 வாக்கில் அந்தப் பெயரைச் சூட்டிய ஆலன் கே-க்கு அதுதான் முதல். 2003-ல் ஒரு மின்னஞ்சலில் அவர் சொன்னவை: செய்தி அனுப்புதல், தன் நிலையைத் தனக்குள் மறைத்துக் காத்தல், எந்த வேலையை எது செய்யும் என்பதை ஓடும் நேரம் வரை முடிவு செய்யாமல் விடுதல். இன்ஹெரிட்டன்ஸ் அதில் இல்லை. 1972-ன் ஸ்மால்டாக்கிலும் இல்லை, பிறகுதான் சேர்ந்தது.

கிளாஸ், சப்கிளாஸ் எல்லாம் நார்வேயில் டாலும் நைகார்டும் செய்த சிமுலா 67-ல் பிறந்தவை. அதில் பழகிய ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-ல் தொடங்கியதுதான் சி++ ஆனது. நாம் படித்தது இந்தக் கிளை.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இதை விளக்கக் கஷ்டமே இல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரே அமைப்பில் தெருத் தெருவாக வீடுகள். அமைப்பு கிளாஸ், கட்டி நிற்கும் வீடு ஆப்ஜெக்ட். இது சிமுலா பார்வை. அதே வீட்டுக்குள்ளே போங்க. கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. 'வேறு வைத்த' பிறகு தனி அறை, தனிப் பூட்டு, தனி அடுப்பு. அண்ணன் அறையைத் தம்பி திறக்க மாட்டார். வேணும்னா கேட்பார், எப்படிக் கொடுப்பது என்பது அண்ணன் பாடு. இது ஆலன் கே பார்வை.

வெறும் வார்த்தைச் சண்டைன்னு நினைக்காதீங்க. நான் போய்ச் சேர்ந்த ஒரு ப்ராஜெக்டில் ஏழு அடுக்கு இன்ஹெரிட்டன்ஸ். மேலே ஒரு வரி மாற்றினால் கீழே எங்கோ பில் தப்பாக வரும். சி++ பாடப்படி பார்த்தால் அது அசல் ஆப்ஜெக்ட் ஓரியன்டட். கே கணக்கில், பேரன்மார் எல்லாரும் பாட்டனார் அறைக்குள் கையை விடுகிற வீடு! பிரித்துக் கட்ட எட்டு மாதம் ஆச்சு.

மாணவர்களுக்கு ஒன்று. நேர்காணலில் முதலில் பாடப் பட்டியலைச் சொல்லிடுங்க. அதை எதிர்பார்ப்பவர்களே அதிகம். பிறகு, இது யாருடைய விளக்கம், வேறு விளக்கம் எது என்று சேர்த்துச் சொல்லுங்க. என் எதிரே அப்படிச் சொன்னவர்கள் இதுவரை மூன்றே பேர். மூவரையும் எடுத்துக்கொண்டோம். அதில் ஒருத்தி நம் கல்லூரிப் பெண்.