வகுப்பறையில் அசையும் சித்திரம்

இதயத்தின் இயக்கத்தைக் கரும்பலகையிலே வரைந்து காட்டிய ஆசிரியர் எவரும் ஓர் இடர்ப்பாட்டை அறிந்திருப்பர். வரைந்த இதயம் துடிப்பதில்லை. அறைகளையும் வால்வுகளையும் எத்துணை அழகாகத் தீட்டினும், எது முன்னர்ச் சுருங்குகின்றது, எது பின்னர்ச் சுருங்குகின்றது என்பதை அம்புக்குறிகளாலேயே உணர்த்த வேண்டியிருக்கும்.

அக்குறையை நீக்க வந்ததே அசையும் சித்திரம். இது இன்று நேற்றுத் தோன்றிய முயற்சியன்று. 1957ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பிராங்க் கப்ரா என்னும் திரைப்பட நெறியாளர் 'ஹீமோ த மக்னிபிசென்ற்' என்ற படத்தை ஆக்கினார். குருதியையே ஒரு பாத்திரமாக்கிப் பேசவைத்த அப்படம், தொலைக்காட்சியிற் காட்டப்பெற்றபின் பாடசாலைகளிலும் பல்லாண்டுகள் ஓடிற்று. அன்று படச்சுருளும் இருட்டறையும் வேண்டியிருந்தன. இன்று கைத்தொலைபேசி ஒன்றே போதும்.

ஆயின், காட்டினால் விளங்கிவிடும் என்று கருதுவது தவறு. ஒரு வகுப்பில் இத்தகைய படமொன்றைக் காட்டினேன். குருதித் துளியொன்று வலது சோணையறையிற் புகுந்து, வலது இதயவறைக்கு இறங்கி, சுவாசப்பைகளுக்குச் சென்று, இடது சோணையறைக்கு மீண்டு, இடது இதயவறை வழியாகப் பெருநாடியை அடைந்தது. பிள்ளைகள் கண்கொட்டாது பார்த்தனர். முடிவில், "இதயத்தின் எப்பகுதி முதலிற் சுருங்கும்?" என்று வினவினேன்.

"முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், சேர்" என்றான் ஒரு மாணவன். பெரும்பாலோர் அதனை ஆமோதித்தனர்.

உண்மையில் இரு சோணையறைகளும் ஒருங்கே சுருங்குகின்றன. அடுத்து இரு இதயவறைகளும் ஒருங்கே சுருங்குகின்றன. படத்திலும் அவை அவ்வாறுதான் துடித்துக்கொண்டிருந்தன. துளியையே பின்தொடர்ந்த கண்கள் அதனைக் காணவில்லை. துளி சென்ற வழியைத் துடிப்பின் ஒழுங்கென்று பிள்ளைகள் கொண்டனர். நிறுத்தாமல் ஓடவிட்ட என் பிழையே அது.

2002இல் பாபரா ற்வேஸ்கி என்னும் உளவியலாளரும் சக ஆய்வாளர் இருவரும், அசையும் படம் அசையாப் படத்தினும் சிறந்தது என்பதற்கு வலுவான சான்றில்லை என எழுதினர். அசைவு பெரும்பாலும் விரைவும் சிக்கலும் உடையது; கண் பற்றுமுன் காட்சி கடந்துவிடுகின்றது. நிறுத்தியும் மீட்டும் பார்க்க இயலுமாயின் பயன் கூடலாம் என்பது அவர்கள் கருத்து.

இதயத்தின் ஒரு துடிப்பு ஏறக்குறைய 0.8 செக்கனில் முடிகின்றது. அதிற் சோணையறைகள் சுருங்குவது 0.1 செக்கன், இதயவறைகள் சுருங்குவது 0.3 செக்கன். இதனை ஓட்டத்திலே பிடிக்கச் சொல்வது பிள்ளைகளுக்கு இழைக்கும் கொடுமையல்லவா?

மறுநாள் அதே படத்தை ஓசையின்றி மெதுவாக ஓட்டினேன். (பின்னணி இசை பாடத்துக்கு உதவியதாக எனக்கு நினைவில்லை.) துளியை விட்டு அறைச் சுவர்களைப் பார்க்கும்படி கூறினேன். சோணையறைகள் சுருங்கியதும் நிறுத்தி, "இனி எவ்வால்வுகள் மூடும்?" என்று கேட்டேன். ஒவ்வொருவரும் கொப்பியிலே வரைந்த பின்னரே படம் மேலே ஓடிற்று. மூன்று நிமிடப் படத்துக்குப் பாடவேளை முழுவதும் சென்றது. முதல்நாள் விடை சொன்ன மாணவன் எழுந்து, இரு கைகளையும் ஒருசேரப் பொத்தித் திறந்து காட்டினான்.